தரை அறிந்த கைகள்

ஒரு வேலை எளிதா கடினமா என்று தெரிந்துகொள்ள நேர்மையான வழி ஒன்று உண்டு. அந்த வேலையை ஓர் எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க முயன்று பார்க்க வேண்டும். மனிதருக்குச் சொல்லும்போது பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். கேட்கிறவர் மீதியைத் தம் அனுபவத்தால் நிரப்பிக்கொள்கிறார். எந்திரம் எதையும் தானாக நிரப்பிக்கொள்ளாது. நமக்கே தெரியாமல் நமக்குள் இருக்கும் அறிவு எவ்வளவு என்பது அதனிடம் மல்லுக்கட்டும்போதுதான் வெளியே வரும்.

1997 மே மாதம் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ என்ற கணினி, சதுரங்கத்தில் உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது. அந்த ஆண்டு உலகத்தில் எந்தக் கடைக்குப் போயிருந்தாலும், வீட்டின் ஓர் அறையைத் தானாகக் கூட்டிவிட்டு வரும் எந்திரத்தை நீங்கள் வாங்கியிருக்க முடியாது. ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 1996இல் ஒரு மாதிரியைத் தொலைக்காட்சியில் காட்டியிருந்தது. டிரைலோபைட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது 2001இல். சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில், 200 டாலருக்கு ஐந்து காசு குறைவாக, ஐரோபோட் நிறுவனத்தின் ரூம்பா வந்தது 2002 செப்டம்பரில். ஆக, காஸ்பரோவைத் தோற்கடிப்பது முதலில் நடந்தது. கட்டிலுக்கடியில் தூசி எடுப்பது அதற்குப் பிறகுதான் நடந்தது. என் பேரப்பிள்ளைகள் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். எதைப் பெரிய அறிவு என்று மேடையேற்றுகிறோம், எதைக் கைவேலை என்று ஒதுக்குகிறோம் என்பதில் நம் சமூகம் போட்டு வைத்திருக்கும் கணக்கு தப்பு. அந்தத் தப்பை நிரூபித்துக் காட்டியவர்கள் எந்திரம் செய்தவர்கள்தாம்.

எனக்கு இது நூற்பாலையிலேயே தெரியும். கோவையில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் என் வேலைக்காலம் கழிந்தது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் ஓடும் கூடத்தில் பஞ்சுத் தூசிக்கு ஓய்வே கிடையாது. அதைச் சமாளிக்க ஃபிரேம்களுக்கு மேலே தண்டவாளம் போட்டு, ஓவர்ஹெட் கிளீனரை ஓடவிடுவோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அது போய்வரும். மேலிருந்து எந்திரத்தின் மீது காற்றை ஊதும். தரை வரை தொங்கும் குழாயால் கீழே விழுந்த பஞ்சை உறிஞ்சும். ஆள் தள்ளாமல் தானே நகர்ந்து துப்புரவு செய்யும் எந்திரம்தான் அது. ஆனாலும் கூட்டுகிற பெண்கள் இல்லாமல் ஒரு ஷிப்டும் நடந்ததில்லை. தண்டவாளம் எங்கே போகிறதோ அதுதான் கிளீனருக்கு உலகம். கம்பத்தின் பின்புறமும், ஃபிரேமின் காலடியும், டிராலியை யாரோ மாற்றி நிறுத்திவிட்டுப் போன மூலையும் அந்தப் பெண்களுடைய பொறுப்பு.

அவர்களில் ஓர் அம்மா எங்கள் ஃபிட்டர்களுக்கு முன்பே பழுதைக் கண்டுபிடித்துவிடுவார். “ஏனுங்க, அந்தக் கடைசி ஃபிரேமுல பஞ்சு சாஸ்தியா உழுகுதுங்க, என்னன்னு பாருங்க” என்பார். போய்ப் பார்த்தால் இழையை வழிநடத்தும் டிராவலர் தேய்ந்து, இழை அறுபடுவது கூடியிருக்கும். நேற்றுக் கூட்டியபோது அந்த இடத்தில் எவ்வளவு பஞ்சு சேர்ந்தது, இன்றைக்கு எவ்வளவு என்பது அவர் கையில் கணக்காக இருந்தது. கூட்டிய குவியலை அப்படியே அள்ளியும் போடமாட்டார். மறுபடி கலவைக்குப் போகக்கூடிய மென்பஞ்சு ஒரு பை, நூல் கழிவு ஒரு பை, எண்ணெய் பட்ட தரைப்பஞ்சு ஒரு பை. பேசிக்கொண்டே பிரித்துவிடுவார். மூன்றும் கலந்தால் ஆலைக்கு நஷ்டம். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

இந்தப் பழக்கத்தோடு வந்தவன் என்பதால், மகன் வீட்டுக்குக் கூட்டும் ரோபோ வந்ததும் நான் முதலில் செய்தது அதைக் கவிழ்த்துப் போட்டதுதான். ஒன்றரைச் சாண் அகல வட்டம். இரு பக்கமும் ஒவ்வொரு சக்கரம், முன்னால் சும்மா உருளும் சின்னச் சக்கரம் ஒன்று. நடுவில் உருளும் பிரஷ். ஓரத்தில் மூன்று கால் பூச்சிபோல் நீட்டிக்கொண்டு ஒரு சின்ன பிரஷ். விளிம்பை ஒட்டிக் கீழ்நோக்கிப் பார்க்கும் கறுப்புக் கண்கள். முன்பக்கம் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பும் பம்பர். இவ்வளவுதான். ஆனால் இதில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ பல ஆண்டு தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கதை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்குகிறது. 1979இல் அங்கே ஹான்ஸ் மொராவெக் என்ற ஆய்வாளர், கேமரா பொருத்திய வண்டி ஒன்றை நாற்காலிகள் போட்ட அறையின் குறுக்கே போகவைத்தார். யாரும் கை வைக்காமல் அது கடந்துவிட்டது. எடுத்துக்கொண்டது சுமார் 5 மணி நேரம். ஒரு மீட்டர் நகரும், நின்றுவிடும், எடுத்த படங்களை வைத்துக் கணக்குப் போடும், மறுபடி ஒரு மீட்டர். தவழும் குழந்தை அதே தூரத்தை நாற்காலிக் கால்களுக்குள் நுழைந்து நுழைந்து சில நிமிடங்களில் போய்விடும். பின்னால் 1988இல் மொராவெக் தம் நூலில் இதை விளக்கினார். பெரியவர்களுக்குக் கஷ்டமான கணக்கும் சதுரங்கமும் கணினிக்கு எளிது. ஒரு வயதுக் குழந்தைக்குக் கைவந்த பார்வையும் நகர்தலும் கணினிக்கு மலை. உயிர்கள் பார்க்கவும் நகரவும் பல கோடி ஆண்டுகளாகப் பழகியிருக்கின்றன. கணக்குப் போடத் தொடங்கியது நேற்று. பழைய அறிவு ஆழத்தில் இருப்பதால் அது அறிவாகவே நமக்குத் தெரிவதில்லை.

அந்த வண்டியை அருகிருந்து பார்த்தவர்களில் ஒருவர் ரோட்னி புரூக்ஸ். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர், பிறகு எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனவர். மனைவியின் நாடான தாய்லாந்துக்குப் போயிருந்தபோது, சுற்றியிருந்தவர்கள் பேசும் மொழி தெரியாமல், பூச்சிகளைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பூச்சியின் தலைக்குள் இருப்பது எத்தனை சின்ன மூளை! அது உலகத்தின் முழுப் படத்தையும் வரைந்துவிட்டு, கணக்கை முடித்துவிட்டுப் பிறகு நகரவில்லையே. தொட்டால் விலகுகிறது, இடித்தால் திரும்புகிறது. 1986இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த எண்ணம் ஒரு முறையாக உருவெடுத்தது. ரோபோவின் நடத்தையை அடுக்குகளாக அமைக்க வேண்டும். அடியில் இருக்கும் அடுக்கு மோதாமல் விலகிக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளது சுற்றித் திரியும். அதற்கும் மேல் உள்ளது எங்கே போவது என்று பார்க்கும். மேலே இருப்பது யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே இருப்பது தன் வேலையைச் செய்துவிடும். இதை வாசித்தபோது எனக்கு அந்தப் பஞ்சாலை அம்மா வாயால் பேசிக்கொண்டு, கையால் பஞ்சு பிரித்ததுதான் ஞாபகம் வந்தது.

1989இல் புரூக்ஸின் ஆய்வகத்தில் இருந்த ஜோ ஜோன்ஸ், லெகோ துண்டுகளைக் கொண்டு கம்பளம் கூட்டும் சின்ன எந்திரம் ஒன்றைச் செய்துபார்த்தார். 1990இல் புரூக்ஸும் காலின் ஆங்கிள், ஹெலன் கிரைனர் என்ற அவருடைய மாணவர்கள் இருவரும் ஐரோபோட் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆனால் அந்த லெகோ எந்திரம் ரூம்பாவாக வீட்டுக்குள் வர இன்னும் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. நடுவில் அந்த நிறுவனம் ஆறு கால் ரோபோ செய்திருக்கிறது, வெடிகுண்டைச் சோதிக்கும் பேக்போட்டை ராணுவத்துக்குச் செய்திருக்கிறது, ஹாஸ்ப்ரோவுடன் சேர்ந்து குழந்தைப் பொம்மை செய்திருக்கிறது. பொம்மைத் தொழிலில்தான் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவழிக்கக் கற்றுக்கொண்டார்கள். போர்க்களத்துக்கு ரோபோ அனுப்புகிறவர்களுக்கு வீட்டுத் தரை இத்தனை காலம் வசப்படவில்லை என்றால், வீட்டுத் தரையை நாம் எவ்வளவு இளக்காரமாக நினைத்துவிட்டோம்!

அவர்கள் மல்லாடிய விஷயங்களில் முக்கியமானது மின்சாரம். சுவரில் செருகும் சாதாரண வேக்குவம் கிளீனர் 1,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். பேட்டரியில் ஓடும் இந்தச் சின்ன வட்டத்துக்குச் சக்கரம், பிரஷ், மூளை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 30 வாட். எனவே உறிஞ்சுவதை விட்டுவிட்டு, துடைப்பம்போல் பிரஷால் வாரி எடுப்பதையே முதலில் நம்பினார்கள். வேலை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் வாங்கக்கூடியவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டபோது, இது வேக்குவம் இல்லை, கூட்டுகிற எந்திரம்தான் என்றதும் பாதி விலைதான் தருவோம் என்றார்களாம். தரை ஒரே மாதிரிச் சுத்தமாகியிருந்தது; உறிஞ்சினால் ஒரு விலை, கூட்டினால் பாதி விலை. இதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் புத்தகத்தை மூடிவைத்திருந்தேன். கூட்டுவதற்கு மதிப்புக் குறைவு என்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை போலும். ஜோன்ஸ் இரண்டு ரப்பர் பட்டைகளை நெருக்கிவைத்து, குறுகிய பிளவு வழியாக, மிகக் குறைந்த மின்சாரத்தில் காற்றை இழுக்கும் சின்ன உறிஞ்சியைச் சேர்த்தார். எந்திரத்துக்கு அதன் பிறகே வேக்குவம் என்ற பெயரும் விலையும் கிடைத்தன.

வட்ட வடிவத்துக்கும் காரணம் உண்டு. சக்கரங்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுழன்றால் வட்டம் நின்ற இடத்திலேயே திரும்பும். சுவரோடு ஒட்டி நின்றாலும், சோபாவின் கால்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்டாலும் திரும்பும்போது எங்கும் இடிக்காது. போன வழியே வெளியே வந்துவிடலாம். ஆனால் வட்டம் மூலைக்குள் நுழையாது. அதற்காகத்தான் ஓரத்து பிரஷ். மூலையில் கிடப்பதைச் சுண்டி உள்ளே தள்ளுகிறது. நம் பெண்கள் விளக்குமாற்றை மூலையில் வைக்கும்போது மணிக்கட்டைச் சற்றே திருப்பி, நுனியை ஒருபக்கமாகச் சாய்க்கிறார்களே, அதற்கு ஈடாக வந்த பாகம் அது. நன்றாகத்தான் சுண்டுகிறது, சில சமயம் தூசியை உள்ளே தள்ளாமல் அறையின் மறுபக்கம் வீசியும் விடுகிறது. மணிக்கட்டுக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பது தூசியைப் பார்த்தால் தெரியும். பிரஷுக்கு அது தெரிவதில்லை.

கீழ்நோக்கும் கண்கள் படிக்கட்டுக்காக. அகச்சிவப்பு ஒளியைத் தரையில் விடும். திரும்பி வந்தால் தரை இருக்கிறது, வராவிட்டால் பள்ளம் என்று பின்வாங்கும். கறுப்புத் தரைவிரிப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும் என்பதால், அங்கே போனால் பள்ளத்தாக்கின் ஓரத்துக்கு வந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும் ரோபோக்கள் உண்டு. பின்னால் வந்த ரூம்பாக்களில் தூசிக்கென்றே ஒரு காது வைத்தார்கள். உள்ளே பறக்கும் மண் துகள்கள் ஒரு தகட்டில் மோதுவதை அது எண்ணும். மோதல் கூடினால் அங்கே அழுக்கு அதிகம் என்று தெரிந்துகொண்டு அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும். எங்கள் அம்மா கடைசி ஃபிரேமில் கண்டுபிடித்தது இதில் ஒரு பாதி. ஏன் கூடியது என்று கேட்பது மறு பாதி. அதற்கு இன்னும் பாகம் வரவில்லை.

எல்லாவற்றையும் அறிந்த எந்திரமாகச் செய்துவிடலாம் என்று முயன்றவர்களும் உண்டு. இங்கிலாந்தின் டைசன் நிறுவனம் 70க்கும் மேற்பட்ட சென்சார்கள் வைத்து, டிசி06 என்ற ரோபோவை உருவாக்கியது. எடையும் விலையும் தாங்காமல் அது கடைக்கு வராமலே நின்றுபோனது. முதல் ரூம்பாவோ எந்த வரைபடமும் இல்லாமல், சுருள் வட்டம் போடு, இடித்தால் திரும்பு, சுவரைப் பிடித்துக்கொண்டு போ என்ற சில பழக்கங்களை வைத்தே வேலையை முடித்தது. பிறகு 2010இல் நீட்டோ நிறுவனம் சுழலும் லேசரால் அறையை அளந்து வரிசை வரிசையாகக் கூட்டும் ரோபோவைக் கொண்டுவந்தது. 2015இல் ரூம்பாவும் கேமராவுக்கு மாறியது. இன்று பெரும்பாலானவை வரைபடத்தோடு ஓடுகின்றன. ஆனால் லேசர் வைத்த ரோபோவைத் திருப்பிப் பாருங்கள்: பம்பரும் இருக்கும், கீழ்நோக்கும் கண்களும் இருக்கும். வரைபடம் வரைந்த பிறகு யாராவது ஒரு முக்காலியை நகர்த்தியிருக்கலாம் அல்லவா? படத்தை எவ்வளவு நம்பினாலும் தொட்டுப் பார்க்கும் உறுப்பை எந்தப் பொறியாளரும் கழற்றிவிடவில்லை. புதிதாக மேற்பார்வை வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் நான் சொல்வதும் இதுதான்: கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டைப் பாருங்கள், பிறகு கூடத்துக்குள் ஒரு நடை நடந்து, கூட்டுகிறவரிடம் இரண்டு வார்த்தை கேளுங்கள்.

இனி மனிதர்கள் பக்கம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ரூம்பா வாங்கிய வீடுகளைக் கவனித்தபோது, அதுவரை துப்புரவில் கலந்துகொள்ளாத ஆண்களும் பிள்ளைகளும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டது தெரியவந்தது. 2007இல் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் கண்டது இன்னொன்று. பலர் ரோபோவுக்குப் பெயர் வைத்தார்கள். அது தடையின்றி ஓட வேண்டும் என்று வீட்டுச் சாமான்களையே இடம் மாற்றினார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது. ரோபோ வருகிறது என்றால் தரையில் கிடக்கும் ஒயரைச் சுருட்டுகிறோம், மிதியடியை எடுக்கிறோம், நாற்காலியை மேசைமேல் கவிழ்க்கிறோம். கூட்ட வருகிற பெண்ணுக்காக இதையெல்லாம் செய்த வீடுகள் எத்தனை? அவர் குனிந்து கூட்டிக்கொண்டே வர, உட்கார்ந்த இடத்தில் காலை மட்டும் தூக்கிக்கொண்டு பேப்பர் படிக்கும் ஆண்களைத்தான் நான் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். எந்திரத்துக்குக் கொடுக்கும் மரியாதையை மனுஷிக்கும் கொடுக்க நமக்கு என்ன தடை?

வீட்டைக் கூட்டுகிறவர் வீட்டின் ரகசியங்களையும் பார்க்கிறார். எந்த அறையில் யார் தூங்குகிறார்கள், எந்த மாத்திரை அட்டை காலியாகிறது, எந்தக் கடிதம் கிழித்துப் போடப்பட்டிருக்கிறது, எல்லாமே துடைப்பத்தின் வழியில் வரும். கண்டும் காணாமல் போவது அந்தத் தொழிலின் பாதி. ரோபோவுக்குக் கண் வைத்தபோது இந்தப் பாதி விட்டுப்போனது. ஐரோபோட் சோதனைக்காக வீடுகளில் ஓடவிட்ட ரோபோக்கள் 2020இல் எடுத்த படங்கள், ஒரு பெண் கழிப்பறையில் இருக்கும் படம் உட்பட, இணையக் குழுக்களில் கசிந்ததை 2022 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் வெளியிட்டது. படத்தில் இருப்பது நாற்காலியா மேசையா என்று குறித்துக்கொடுக்க வெனிசுவேலாவில் அமர்த்தப்பட்ட தொழிலாளர்கள் வழியாக அவை வெளியேறியிருந்தன. அந்த ரோபோக்கள் விற்பனைக்கு வந்தவை அல்ல, சம்மதம் பெற்ற சோதனை எந்திரங்கள் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. இருக்கலாம். ஆனால் தாங்கள் கூட்டும் வீட்டில் பார்த்ததைச் சாகும்வரை வெளியே சொல்லாத எத்தனையோ பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அந்த நாணயத்துக்கு யாரும் சம்மதப் பத்திரம் எழுதிவாங்கியதில்லை, அதற்கென்று தனிச் சம்பளமும் கொடுத்ததில்லை.

2025 ஜனவரியில் ரோபோராக் என்ற சீன நிறுவனம் மேலே மடங்கும் கை ஒன்றை வைத்த ரோபோவைக் காட்டியது. 300 கிராம் வரை தூக்கும் அந்தக் கை, தரையில் கிடக்கும் காலுறையை எடுத்து ஓரமாக வைக்கும். பெரிய சாதனைதான், அதன் பின்னால் இருக்கும் உழைப்பை வணங்குகிறேன். காலுறை வரை வந்துவிட்டார்கள். பேத்தியின் தோட்டுத் திருகாணிக்கு இன்னும் வரவில்லை. தரையில் கிடப்பதில் எது குப்பை, எது பொருள் என்பது வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் மாறும். மகன் வீட்டில் அந்தத் திருகாணியை ரோபோ தூசியோடு தூசியாக விழுங்கிவிட்டது. எடுத்துக் கொடுத்தவர் அங்கே வேலைக்கு வரும் அம்மா. தூசிப் பெட்டியைக் குப்பைக் கூடையில் கவிழ்ப்பதற்கு முன், அவர் எப்போதும் ஒரு பழைய பேப்பரை விரித்து அதில் கொட்டி, விரலால் பரப்பிப் பார்ப்பார். முடிக்கற்றையை ஒதுக்கினார், அரிசி ஒன்றிரண்டு, ஒரு பட்டன், அடியில் மஞ்சளாக மின்னிக்கொண்டு திருகாணி. அவரிடம் யாரும் தேடச் சொல்லவில்லை. அது தொலைந்ததே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

எந்திரம் வந்துவிட்டதே, இனிக் கூட்டுகிற வேலை இல்லை, சம்பளத்தில் கொஞ்சம் குறைக்கலாம் என்ற பேச்சு அந்த வீட்டில் அதற்குச் சில நாள் முன்புதான் எழுந்திருந்தது. நான் மகனையும் மருமகளையும் உட்காரவைத்து, இங்கே எழுதியதையெல்லாம் இன்னும் நீளமாகச் சொன்னேன். உலகத்தின் பெரிய ஆய்வகங்கள் இத்தனை ஆண்டு உழைத்தும் பாதிதான் பிடிபட்ட வேலை இது, இதற்குக் கூலியைக் குறைக்க எந்தக் கணக்கிலும் இடம் இல்லை, உயர்த்தித்தான் கொடுக்க வேண்டும் என்றேன். மருமகள் உடனே ஒத்துக்கொண்டாள். மகன் கொஞ்சம் யோசித்துச் சரி என்றான். மறுநாள் அந்த அம்மாவிடம் சொன்னபோது, அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சம்பளம் கூடப் போடறது சந்தோசமுங்க அய்யா. அதோட ஞாயித்துக்கெழம எனக்கு லீவு குடுங்க. அன்னிக்கு ஒருநாள் அது கூட்டட்டும். திங்கக்கெழம நான் வந்து பெட்டியப் பிரிச்சுப் பாத்துக்கறன்.”

இப்போது அந்த வீட்டில் அதுதான் ஏற்பாடு.